வித்வானும் பிள்ளைகளும் சேரும் புது உருப்படிகள்: மேடைக்கு மூன்று மாதம் முன்பே செய்ய வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி ஆண்டுவிழா, கோயில் திருவிழா, சபா மேடை என்று பல இடங்களில் பெயர் பெற்ற கலைஞர் ஒருவரையும் முப்பது நாற்பது பிள்ளைகளையும் சேர்த்து உட்கார்த்தி, அந்த நாளுக்கென்றே இயற்றிய புதுப் பாட்டைப் பாட வைக்கும் வழக்கம் வளர்ந்து வருகிறது. வரவேற்க வேண்டிய வழக்கம். கற்றுக்கொண்ட பத்துப் பன்னிரண்டு உருப்படிகளையே, அதாவது பாடல்களையே, திருப்பித் திருப்பிப் பாடும் பிள்ளைக்கு, இதுவரை யாருமே பாடாத ஒன்றை முதலில் பாடும் வாய்ப்பு கிடைக்கிறது. ஆனால் அதை நடத்தும் முறையில் பல குறைகள் இருக்கின்றன. எல்லாமே முன்கூட்டி யோசித்தால் தீரக்கூடியவை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். வித்வான் விழா நாளன்று மதியம் வருகிறார். ஒரே ஒரு ஒத்திகை. பிள்ளைகளுக்குப் பல்லவி மட்டும். அனுபல்லவி, சரணம், கற்பனையாக விரித்துப் பாடும் நிரவல், சுரம் எல்லாம் அவருக்கு. அவர் பாடும் இருபது நிமிடமும் பிள்ளைகள் சும்மா நிற்கிறார்கள். நடுவில் எப்போது பல்லவியை எடுப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள். இப்படிப்பட்ட உருப்படியைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பிள்ளைகளை எடுத்துவிட்டுப் பாடிப் பாருங்கள். பாட்டு குறைவில்லாமல் நின்றால், அது அவர்களுக்காக எழுதப்பட்டதே இல்லை. வித்வானை எடுத்துவிட்டும் பாடிப் பாருங்கள். அப்போதும் நின்றால், அவரை எதற்கு அழைத்தோம் என்று கேட்க வேண்டும். இருவரில் யார் இல்லாவிட்டாலும் உடைந்துபோகிற மாதிரி இயற்றுவதுதான் இந்த வகை உருப்படியின் இலக்கணம்.

இது நமக்குப் புதிதல்ல. திரை இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் 1971-இல் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கி, பாரதியின் பாடல்களைப் பல குரல் வரிகளாகப் பிரித்து அமைத்தார். ஒரே மெட்டை எல்லோரும் சேர்ந்து பாடுவது நமக்குப் பழக்கம். ஒரே நேரத்தில் ஒரு வரிசை ஒன்றையும் இன்னொரு வரிசை வேறொன்றையும் பாடுவதைத் தமிழ்ச் சொற்களோடு பழக்கப்படுத்தியவர் அவர். 1988-இல் அவர் லட்சத்தீவில் காலமானார். அங்கே சென்றதும் சேர்ந்திசை வேலையாகத்தான். திரைப்படத் துறையில் முழுநேர இசையமைப்பாளராக இருந்தவர், பயிற்சி குறைந்த குரல்களோடு வாரக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்தார் என்பதை இன்றைய ஏற்பாட்டாளர்கள் கவனிக்க வேண்டும்.

கருவிகளுக்கு எழுதுவதில் இன்னொரு நல்ல பாடம் இங்கிலாந்தில் இருக்கிறது. ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன், நோவாவின் பேழைக் கதையை வைத்துப் பிள்ளைகளுக்காக இயற்றிய இசை நாடகம் 1958 ஜூன் 18 அன்று சஃபோக் வட்டாரத்தில் ஆர்ஃபோர்டு என்ற ஊரின் தேவாலயத்தில் அரங்கேறியது. நோவாவும் அவர் மனைவியும் இறைவனின் குரலும் மட்டுமே பெரியவர்கள். வாத்தியத்தில் தேர்ந்த கலைஞர்கள் ஒரு கைப்பிடி: தனித்து வாசிக்கும் தந்தி வாத்தியக்காரர் ஐவர், ஒரு ரெக்கார்டர் குழல், நான்கு கைகளால் வாசிக்கும் பியானோ, ஆர்கன், டிம்பனி முரசு. மற்றதெல்லாம் பள்ளிப் பிள்ளைகள். பிள்ளைகளின் வயலின்களை அவர் மூன்று தரமாகப் பிரித்தார். முதல் தரம் ஓரளவு தேர்ந்தவர்கள், ஆனாலும் வயலின் கழுத்தில் மூன்றாம் கைநிலைக்கு மேல் கை போக வேண்டாம். இரண்டாம் தரத்துக்கு முதல் நிலையே போதும். மூன்றாம் தரம் அண்மையில் கற்கத் தொடங்கியவர்கள். நீண்ட பகுதிகளுக்கு விரல் வைக்காமல் வெறும் கம்பியை இழுத்தாலே போதும். வில் பிடிக்கக் கற்று ஆறு மாதமான பிள்ளையும், ஐந்து வருடம் வாசித்த பிள்ளையும், அதைத் தொழிலாகக் கொண்டவரும் ஒரே உருப்படியில், ஒரே நேரத்தில், தத்தம் அளவுக்குச் சரியாக வாசிக்க இது இடம் தந்தது.

அந்த நாடகத்தில் மழை தொடங்கும் இடத்தை அருகிலிருந்து பார்க்க வேண்டும். பல அளவுப் பீங்கான் கோப்பைகளைக் கைப்பிடியில் கயிறு கோத்து வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் மரக்கரண்டியால் தட்டுகிறார்கள். முதல் தூறல் அந்தக் கோப்பைகளிலிருந்துதான் விழுகிறது. பிரிட்டனின் இசை உதவியாளர் இமோஜென் ஹோல்ஸ்ட் காட்டித்தந்த உத்தி அது. ஜலதரங்கம் கேட்டுப் பழகிய நமக்கு அந்த ஓசை அந்நியமாகவே இருக்காது. விலங்குகள் பேழைக்குள் அணியணியாக நுழையும்போது பிள்ளைகள் பியூகிள் என்ற ஊதுகொம்பை ஊதுகிறார்கள். வானவில் வரும்போது கைமணிகள். எளிய கருவியை ஓரத்தில் ஒளித்துவைக்காமல், கதையின் மிக முக்கியமான தருணத்தை அதன் கையிலேயே கொடுத்தார் பிரிட்டன். மழையைக் கொண்டுவரும் பிள்ளை அந்தப் பொறுப்பைச் சும்மா எடுத்துக்கொள்ளாது.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருகிறேன். முதல் சிக்கல் சுருதி, அதாவது பாட்டின் அடிச்சுரமான சட்ஜமம் நிற்கும் உயரம். பாட்டை எழுதுவதற்கு முன்னால், குழுவில் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் எதிரே மூன்று விவரம் எழுதிய ஒரு தாள் இயற்றுபவர் கையில் இருக்க வேண்டும்: வாயை இறுக்காமல் பாடக்கூடிய கீழ் எல்லை, மேல் எல்லை, எத்தனை மாதப் பயிற்சி. வாத்தியக்காரப் பிள்ளையானால் கருவி எத்தனை கட்டை (சுருதியின் அளவு; எண் கூடினால் உயரம் கூடும்) என்பதும். அரை நாள் வேலை. இதைச் செய்யாமல் எழுதிய பாட்டுதான் பின்னால் ஒத்திகை ஒத்திகையாக ஒட்டுப் போட வேண்டியதாகிறது.

பெண்பிள்ளைகளுக்கு 5 கட்டை இயல்பு. பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுப் பையன்களுக்குக் குரல் உடையும் பருவம். 5 கட்டையில் மேல் ஸ்தாயியான தாரஸ்தாயிக்குப் போனால் கத்தல் வரும் அல்லது குரலே வராது. வழக்கமாக என்ன செய்கிறார்கள் என்றால், சமரசமாக 3 கட்டைக்கு இறக்கிவிடுகிறார்கள். அங்கே பெண்பிள்ளைகளுக்குக் கீழ்ச்சுரம் காற்றாகப் போகிறது, பையன்களுக்கு மேல்ச்சுரம் இன்னும் எட்டவில்லை. சுருதியை இறக்க வேண்டாம், வரியைப் பிரியுங்கள். 5 கட்டையிலேயே வைத்து, நடு ஸ்தாயியான மத்திய சட்ஜமம் முதல் தார சட்ஜமம் வரையுள்ள வரியைப் பெண்பிள்ளைகளுக்கும், கீழ் ஸ்தாயியான மந்திர பஞ்சமம் முதல் மத்திய மத்யமம் வரையுள்ள வரியைப் பையன்களுக்கும் எழுதினால் இரு தரப்புக்கும் தொண்டை இறுகாது. குரல் உடைந்துகொண்டிருக்கும் பையனுக்கு ஐந்தாறு சுரத்துக்குள் அடங்கிய வரி போதும். அது உப்புச்சப்பில்லாத வரியாக இருக்க வேண்டியதும் இல்லை. தாளக்கட்டு அழுத்தமாக இருந்தால் மூன்று சுரத்திலேயே பாட்டின் முதுகெலும்பாகிவிடும்.

நாதசுரம் சேர்ந்தால் சுருதிக் கணக்கு இன்னும் கறாராகிறது. பாரி நாதசுரம் பொதுவாக 2 அல்லது இரண்டரைக் கட்டை. 2 கட்டை நாதசுரத்தின் மத்யமம்தான் 5 கட்டைச் சட்ஜமம். அதாவது மத்யம சுருதியில், தன் மத்யமத்தையே சட்ஜமமாக வைத்து வாசித்தால் பிள்ளைகளோடு இயல்பாகச் சேர்ந்துகொள்ளும். நாதசுரம் இரண்டரைக் கட்டை என்றால் குழு முழுவதும் ஐந்தரைக்கு ஏறியாக வேண்டும், ஏனென்றால் மற்றவர்கள் மாற்றிக்கொள்ளலாம், துளை போட்ட மரம் மாறாது. இதை விழா நாளில் கண்டுபிடித்தால் வயலின் கம்பிகளை அவசரமாக முறுக்க வேண்டிவரும். இரண்டு மூன்று அறுந்துபோகும். பிள்ளைகள் மூன்று மாதம் காதில் ஏற்றிய சுருதியும் நகர்ந்துவிடும்.

மிருதங்கத்திலும் இதே எச்சரிக்கை. தக்கு (தாழ்ந்த) சுருதி மிருதங்கத்தில் கற்ற பிள்ளையிடம் 5 கட்டைக்கு ஏற்றச் சொல்லக் கூடாது. தட்டத் தட்ட நாதம் செத்துப்போகும், வார் அறுபடும். ஹெச்சு (உயர்ந்த) சுருதி மிருதங்கம் இரவல் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அந்தத் தக்கு மிருதங்கத்தைப் பஞ்சமத்துக்கு, அதாவது 2 கட்டைக்குக் கூட்டலாம். இரண்டு பிள்ளைகளில் ஒருவர் சட்ஜமத்துக்கும் ஒருவர் பஞ்சமத்துக்கும் கூட்டி வாசித்தால், இயற்றுபவருக்கு இரண்டு நிறம் கையில் கிடைக்கிறது.

வயலின் பிள்ளைகளில் சிலர் மேற்கத்திய முறையிலும் சிலர் கர்நாடக முறையிலும் கற்றவர்களாக இருந்தால், 5 கட்டை ஒரு வரம். அங்கே ச-ப-ச-ப என்று கூட்டிய வயலினின் கீழிரண்டு கம்பிகளும் மேற்கத்திய முறையில் கூட்டிய வயலினின் கீழிரண்டு கம்பிகளும் ஒன்றே. பிரிட்டனின் மூன்றாம் தரம் போல, வெறும் கம்பிப் பகுதியை இரு வகைப் பிள்ளைகளுக்கும் பொதுவாக எழுதலாம். யாரும் தங்கள் கூட்டுமுறையை மாற்ற வேண்டியதில்லை.

ராகத் தேர்வைப் பற்றிச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரலாம். தோடியும் சகானாவும் நம் சொத்து. ஆனால் இருபத்தைந்து பிள்ளைகள் தோடியின் காந்தாரத்தை ஒன்றாக அசைத்தால் இருபத்தைந்து விதமாக அசையும். கேட்பவருக்குக் கலங்கிய தண்ணீர் மாதிரிதான் இருக்கும். கூட்டமாகப் பாடும் வரிக்கு நின்று ஒலிக்கும் சுரங்கள் வேண்டும். மோகனம், சுத்த சாவேரி, ஹம்சத்வனி போன்றவை பொருந்தும். கனமான கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) வேண்டிய இடத்தை வித்வானுக்கு ஒதுக்குங்கள், அங்கே பிள்ளைகள் ஒரே சுரத்தைத் தாங்கி நிற்கட்டும். அந்தத் தாங்கலின் மேல் கமகம் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதை ஒருமுறை கேட்டவர்கள் விடமாட்டார்கள். பிள்ளைகளுக்கும் அது பயிற்சி: பக்கத்தில் ஒருவர் சுரத்தை அசைத்துக்கொண்டிருக்கும்போது தன் சுரம் நழுவாமல் பிடிப்பது எளிதல்ல.

இரண்டு வரிசை வெவ்வேறாகப் பாடுவதற்கு முதல் படி, ஒரே மெட்டை ஒரு குழு அரை ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்றில் பாதி) தாமதமாகத் தொடங்குவது. மோகனத்தில் அரைச்சுர இடைவெளியே கிடையாது என்பதால், எந்தச் சுரம் எதன்மேல் விழுந்தாலும் காதைக் குத்தாது. ஹம்சத்வனியில் நிஷாதமும் சட்ஜமமும் உரசும் இடத்தைப் பார்த்து எழுத வேண்டும். இந்தப் படியில் நான்கு வாரம் நின்றபின் தனித்தனி வரிகளுக்குப் போகலாம். நேராக மூன்று குரல் வரிக்குத் தாவினால், எல்லாப் பிள்ளைகளும் ஐந்தாவது ஒத்திகையில் பெரிய குரல் உள்ளவரின் வரியைப் பாடிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது எடுப்பு, அதாவது தாளத்தில் பல்லவியைத் தொடங்கும் இடம். மேடையில் குழு உடைவது பெரும்பாலும் இங்கேதான். வித்வான் கற்பனாசுரம், அதாவது அந்த நேரத்தில் தோன்றும் சுரவரிசை, பாடுகிறார். இன்று நான்கு ஆவர்த்தனம், நாளைக்கு உற்சாகம் வந்தால் ஏழு. பக்கவாத்தியக்காரருக்கு அது பழக்கம். பதினோரு வயதுப் பிள்ளைக்கு எங்கே முடிகிறது என்று தெரிய வழியில்லை. கற்பனையை ரத்து செய்ய வேண்டாம், அதற்கு ஒரு வாசல் வையுங்கள். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதிதாளத்தில் (முன்பாதி நான்கு எண்ணிக்கை லகு, பின்பாதி இரண்டிரண்டாக இரு த்ருதம்; எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை) கடைசி ஆவர்த்தனத்தின் பின்பாதிக்கு ஒரு தீர்மானத்தை, அதாவது மும்முறை வந்து முடிக்கும் சொற்கட்டை, எழுதிவைத்துவிடலாம்: தகதிமி, இரண்டு மாத்திரை நிறுத்தம், தகதிமி, இரண்டு மாத்திரை நிறுத்தம், தகதிமி. நான்கும் இரண்டும் நான்கும் இரண்டும் நான்குமாகப் பதினாறு மாத்திரை. முதல் த்ருதத்தின் தட்டில் தொடங்கிச் சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில், வந்து விழும். வித்வான் எத்தனை ஆவர்த்தனம் வேண்டுமானாலும் பாடட்டும்; இந்தத் தீர்மானத்தைத் தொட்டால் பிள்ளைகள் சமத்தில் எடுப்பார்கள்.

பழகிய குழுவில் அதைப் பார்க்க வேண்டும். லகு முடிந்து கை த்ருதத்துக்குத் திரும்புகிறது. முதல் தகதிமி கேட்டதும் கடைசி வரிசைவரை தலை நிமிர்கிறது. இரண்டாவதில் மூச்சு எடுக்கிறார்கள். மூன்றாவது முடிந்ததும் முப்பது வாய் ஒன்றாகத் திறக்கிறது. யாரும் கையைக் காட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை, காதால் பிடித்திருக்கிறார்கள். வெறும் பல்லவி பாட வைத்து இதைக் கற்றுத்தர முடியாது. ஆனால் எடுப்பு சமத்தில் இருக்க வேண்டும், மிஞ்சிப்போனால் அரை இடம், அதாவது சமத்துக்கு அரை எண்ணிக்கை தள்ளி. ஒன்றரை இடத்தில் எடுக்கும் பல்லவி அழகுதான், முதல் வருடக் குழுவுக்கு வேண்டாம்.

தாளம் போடுபவர் ஒருவர் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். மிருதங்க வித்வான் பாடகரை மட்டும் பார்த்து வாசித்தால், பாடகர் காலத்தைச் சற்றே தூக்கும்போது இருவரும் சேர்ந்து ஓடிவிடுவார்கள், பிள்ளைகள் பின்தங்குவார்கள். கச்சேரியில் அது சுவை, இங்கே விபத்து. ஒத்திகையில் நிமிடத்துக்கு 70 தட்டு என்று பழகிய பாட்டு மேடையின் படபடப்பில் 80-ஐத் தாண்டுவது சாதாரணம். அப்போது முதலில் உடைவது சொல். 'ற்ற', 'ட்க' போன்ற மெய்கள் அடுத்தடுத்து வரும் இடங்களில் சொல் விழுங்கப்படும். ஆகவே மூன்றாவது வாரத்திலிருந்தே 62, 70, 80 என்று மூன்று வேகத்திலும் பாடிப் பழக வேண்டும். பாட்டின் ஒலிப்பதிவைக் கைபேசியில் அனுப்பும்போதும் ஒரே வேகத்தில் பதிவுசெய்து அனுப்பாதீர்கள். பிள்ளைகள் அந்த வேகத்திலேயே உறைந்துவிடுவார்கள். ஒவ்வொரு வரியையும் தனியாக, சுருதியும் தாளத் தட்டும் கேட்கும்படி, இரண்டு வேகங்களில் பதிவு செய்வது நல்லது. வித்வானின் குரலில் அல்லாமல் ஒரு பிள்ளையின் குரலிலேயே பதிவு செய்தால், மற்ற பிள்ளைகள் வித்வானின் குரல்பாணியைப் போலி செய்யாமல் சுரத்தைப் பிடிப்பார்கள்.

குறிப்பேடு பற்றி ஒரு வார்த்தை. வரிக்கு எட்டுக் கட்டம், கட்டத்துக்கு ஓர் அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை), மேலே சுரம், கீழே சாகித்தியம் (பாட்டின் சொற்கள்) என்று ஒரே அளவில் எல்லாருக்கும் கொடுங்கள். மேற்கத்திய முறையில் படித்த பிள்ளைகளுக்கு அதே தாளின் மறுபக்கத்தில் ஐந்து கோட்டுக் குறிப்பு. இரு தாளிலும் ஆவர்த்தன எண் ஒன்றாக இருக்க வேண்டும். 'பதினேழாவது ஆவர்த்தனத்திலிருந்து' என்று சொன்னால் எல்லோரும் ஒரே இடத்துக்கு வர வேண்டும். 'அந்த இரண்டாவது சரணம் மாதிரி வருமே, அங்கிருந்து' என்று தேடுவதிலேயே ஒத்திகையில் கால்வாசி போய்விடும்.

எத்தனை நாள் வேண்டும்? எட்டு முதல் பன்னிரண்டு நிமிட உருப்படிக்குப் பன்னிரண்டு வாரம், வாரம் இரண்டு ஒத்திகை, ஒவ்வொன்றும் எழுபத்தைந்து நிமிடம். அதில் முதல் நாற்பது நிமிடம் வரிசை வரிசையாகத் தனித்தனி இடங்களில், மீதி எல்லோரும் சேர்ந்து. வித்வான் குறைந்தது ஐந்து முறை வர வேண்டும்: முதல் வாரம், ஐந்தாவது, ஒன்பதாவது, கடைசி வாரத்தில் இரண்டு முறை. இந்த ஐந்தில் எதை விட்டாலும் முதல் வாரத்தை விடக்கூடாது. பிள்ளைகள் ஒரு வரிகூடக் கற்காத நிலையில் அவர் வந்து அவர்கள் குரலைக் கேட்க வேண்டும், தன் பகுதியை எதிரே அமர்ந்து பாடிக்காட்ட வேண்டும். இயற்றியவரும் அன்றே உடனிருந்தால், எட்டாத சுரத்தை அங்கேயே அடித்துத் திருத்தலாம். பத்தாவது வாரத்தில் திருத்தினால் பாதிப் பிள்ளைகள் பழையதைப் பாடுவார்கள், பாதிப் பேர் புதியதை.

இது செலவு என்பார்கள். ஆம், செலவுதான். வித்வானுக்குக் கச்சேரிக்கு மட்டும் சன்மானம் பேசினால் அவர் கச்சேரிக்கு மட்டும்தான் வருவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒத்திகை ஒவ்வொன்றுக்கும் தனித்தொகை, போக்குவரத்து, இயற்றியவருக்கான தொகை, படி எடுக்கும் செலவு என்று நான்கு இனமாகப் பிரித்து முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். மேடை அலங்காரத்துக்கும் பிளெக்ஸ் பலகைக்கும் ஒதுக்குவதில் பாதியை இங்கே திருப்பினாலே பல இடங்களில் கணக்கு சரியாகிவிடும் என்பது என் எண்ணம்.

மேடையில் முப்பத்தாறு பிள்ளைகள் என்றால் வரிசைக்குப் பன்னிரண்டு பேராக மூன்று வரிசை, முன்வரிசைக்கு ஒரு மீட்டர் முன்னால் நிலைக்காலில் மூன்று கண்டென்சர் மைக், நடுவரிசையின் வாய்க்கு நேராகச் சாய்த்து. பிள்ளை கையில் மைக் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் அந்த ஒரு குரல்தான் கேட்கும். சுருதி பிள்ளைகளின் பின்னால் சிறிய ஒலிபெருக்கி இரண்டிலிருந்து மெல்ல வர வேண்டும். முன்னால் உள்ள பெரிய ஒலிபெருக்கியில் மட்டும் சுருதி போனால் அவர்களுக்கு எதுவும் கேட்காது, நான்காவது நிமிடத்தில் சுருதி இறங்கும். நாதசுரத்துக்கும் தவிலுக்கும் மைக்கே வேண்டாம், இடமும் தள்ளியிருக்கட்டும். பிள்ளைகள் பாடும் வரியின் மேலேயே நாதசுரம் வாசித்தால் குரல் அமுங்கிவிடும். வரிக்கும் வரிக்கும் நடுவில் பதில் சொல்வதாக எழுதினால் அதன் கம்பீரமும் பிள்ளைகளின் குரலும் இரண்டும் நிற்கும். விளக்குச் சூட்டில் மிருதங்கமும் வயலினும் இருபது நிமிடத்தில் நகரும். வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் முடிந்தபின் மறுபடி சுருதி பார்க்க மூன்று நிமிடம் நிகழ்ச்சி நிரலிலேயே எழுதிவையுங்கள். பிள்ளைகளை உரைகள் முடியும்வரை மேடையில் நிற்க வைக்காதீர்கள். தொண்டை வற்றும், சின்னப் பிள்ளைகளுக்கு மயக்கமே வரும்.

சாகித்தியத் தேர்வில் சட்டத்தையும் பார்க்க வேண்டும். பாரதியின் பாடல்களின் உரிமையை 1949-இலேயே அரசு பெற்று, பின்னர் பொதுவுடைமையாக்கிவிட்டது. சொற்களை யாரும் மெட்டமைக்கலாம். ஆனால் அதே பாடலுக்கு வேறொருவர் போட்ட மெட்டு அவருடையது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, இயற்றியவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் உரிமை உண்டு. பள்ளியில் ஆசிரியர்களும் மாணவர்களும், பெற்றோர் போன்ற தங்கள் வட்டத்தார் முன்னால் நடத்தும் நிகழ்ச்சிக்குச் சட்டம் விலக்கு தருகிறது. வெளியிலிருந்து கலைஞரை அழைத்துப் பொதுமக்கள் முன் நடத்தினாலோ இணையத்தில் ஏற்றினாலோ அந்த விலக்கை நம்பிக்கொண்டிருக்க முடியாது. உயிரோடிருக்கும் கவிஞரிடம் ஒரு பக்கக் கடிதத்தில் எழுத்து அனுமதி வாங்குவதற்குச் சோம்பக் கூடாது. அந்தக் கடிதத்திலேயே, அடுத்த ஆண்டு வேறு பள்ளி பாடலாமா, ஒலிப்பதிவு வெளியிடலாமா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

அடுத்த ஆண்டு என்றதும் எனக்கு மனம் கனக்கிறது. புது உருப்படிகள் பெரும்பாலும் ஒரே நாள் வாழ்ந்து மடிகின்றன. குறிப்புத் தாள் ஆசிரியரின் பையில், ஒலிப்பதிவு யாரோ ஒரு பெற்றோரின் கைபேசியில். மறுவருடம் மறுபடி முதலிலிருந்து. தமிழ்நாட்டில் கலை பண்பாட்டுத் துறையின்கீழ் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என்று ஒரே கூரையின்கீழ் மூன்றாண்டுப் படிப்பு. தேவாரம் படிக்கும் பிள்ளையும் தவில் படிக்கும் பிள்ளையும் அடுத்தடுத்த அறையில் இருக்கிறார்கள். இந்தச் சேர்க்கைக்கென்றே எழுதிய உருப்படி எத்தனை இருக்கிறது? தேவாரப் பண்ணில் தொடங்கி, தவிலின் சொற்கட்டில் வளர்ந்து, வயலின் தாங்க, அந்த மாவட்டத்து நாதசுர வித்வான் ஒருவர் வந்து சேரும் பத்து நிமிட உருப்படி ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு ஒன்று எழுதச் செய்தால், ஐந்தாண்டில் 85 உருப்படிகள் சேர்ந்துவிடும். சென்னை, மதுரை, கோவை, திருவையாறு இசைக் கல்லூரிகளில் படிக்கும் மூத்த மாணவர்களுக்கு அவற்றை இயற்றும் வாய்ப்பையும் கொடுக்கலாம். குறிப்புத் தாள், வரி வரியான ஒலிப்பதிவு, சுருதி, குழுவின் அளவு, எத்தனை ஒத்திகை ஆயிற்று என்ற விவரம் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு 17 இடங்களிலும் வைத்தால், தருமபுரியில் பாடியதை ராமநாதபுரத்தில் எடுத்துப் பாடலாம். துறை இதைப் பரிசீலிக்க வேண்டுமென்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இத்தகைய நிகழ்ச்சிகளைப் பற்றிய செய்தியில் தலைமை தாங்கியவர், பொன்னாடை போர்த்தியவர், பாடிய வித்வான் ஆகியோரின் பெயர்கள் வருகின்றன. உருப்படியை இயற்றியவர் பெயர் வருவதில்லை. பிள்ளைகள் எந்தப் பகுதியைப் பாடினார்கள், எத்தனை வரியாகப் பிரிந்து பாடினார்கள், எத்தனை வாரம் பயின்றார்கள் என்பதும் வருவதில்லை. அதற்கு மூன்று வரி போதும். தங்கள் நிருபர்கள் மேடைக்குப் பின்னால் போய்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவரிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
இளையோர் சேர்ந்திசைப் பயிற்றுநர்,
திருச்சிராப்பள்ளி.